வெப் டிசைன் மென்பொருளிலேயே ஏ4 பக்கம் கட்டலாம்

நாலு பக்க விலைப்பட்டியலுக்காக இன்டிசைன் (அச்சுப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) சந்தா கட்ட மனசு வரவில்லையா? வெப்ஃப்ளோ, ட்ரீம்வீவர் மாதிரி வெப் டிசைன் மென்பொருள் ஏதாவது ஏற்கெனவே வைத்திருந்தால் அதுவே போதும். ஒரு பெட்டி போட்டு 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம் கொடுங்கள். பிக்சலில்தான் கேட்கும் என்றால் 793க்கு 1122. அதற்கு மேல் ஒன்று கூட்டினாலும் வழிந்துபோய் வெற்றுத்தாள் ஒன்று சேர்ந்து வரலாம்.

அப்புறம் சிஎஸ்எஸ்ஸின் (வெப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) 'பேஜ்' விதியில் தாளை ஏ4 என்றும் மார்ஜினைப் பூஜ்யம் என்றும் வைத்துவிட்டு, ஓர இடைவெளியைப் பெட்டிக்குள் பேடிங்காகவே விடுங்கள், இல்லையென்றால் பிரவுசர் தன் இஷ்டத்துக்கு ஓரம் விட்டு கடைசி இரண்டு வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும். அட்டவணை வரிசை பாதியில் உடைகிறதா? அந்த வரிசைக்கு சிஎஸ்எஸ்ஸில் 'பிரேக்-இன்சைட்' மதிப்பை 'அவாய்ட்' ஆக்குங்கள்.

குரோமில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது 'பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ்' டிக் முக்கியம் (நான் இதை மறந்து வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக எடுத்திருக்கிறேன்). யூனிகோட் தமிழ், பழைய பேஜ்மேக்கரில் போல உடையாமல் ஒழுங்காக வரும். ஆனால் நிறங்கள் திரைக்கான ஆர்ஜிபியில்தான் இருக்கும், ஆஃப்செட் அச்சுக்குக் கொடுப்பதென்றால் அச்சு மைக்கான சிஎம்ஒய்கேவாக மாற்றித் தரச்சொல்லி அச்சகத்தில் முன்பே பேசிவிடுங்கள்.