தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது நீச்சல்குளம் பச்சையாகாமல் இருக்க

கோலாலம்பூரில் வீட்டுக் குளத்துத் தண்ணீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 28 முதல் 31 டிகிரி சூட்டில் இருக்கும். பாசிக்கு இளவெந்நீர் வைத்துக் கொடுத்த மாதிரிதான். அதிலும் தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில்; பிற்பகலானால் இடியும் மழையும் வெளுத்துவாங்கும் காலம். இரண்டு வாரம் தமிழ்நாட்டுக்கோ ஈப்போவில் அப்பா அம்மா வீட்டுக்கோ போய்த் திரும்பும்போது குளம் செண்டோல் பச்சையில் நிற்பது பலருக்கும் பழகிப்போன காட்சி.

கிளம்புகிற அன்று இரவு குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நான்கைந்து நாளுக்குத்தான் தாங்கும். வெயில் குளோரினைத் தின்றுகொண்டே இருக்கிறது. தின்பதற்கு ஈடாகத் தினமும் கொஞ்சம் போய்ச் சேர வழி செய்யவேண்டும், பம்பும் தினமும் தவறாமல் ஓடவேண்டும். மற்ற வேலைகளெல்லாம் இந்த இரண்டுக்கும் துணை.

முதலில் கணக்கு

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 45,000 லிட்டர். கீழே உள்ள அளவெல்லாம் இந்தக் குளத்துக்கு. உங்கள் குளம் பாதி என்றால் அளவும் பாதி.

வெயில் படும் குளத்தில் ஒரு நாளைக்கு 2 முதல் 4 பிபிஎம் (ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) குளோரின் போகும். மெதுவாகக் கரையும் குளோரின் மாத்திரையான ட்ரைகுளோரில் 200 கிராம் மாத்திரை ஒன்று இந்தக் குளத்தில் 4 பிபிஎம் தரும். நாளுக்கு 3 பிபிஎம் என்று வைத்தால் 14 நாளுக்கு 42 பிபிஎம், அதாவது பத்து மாத்திரைக்குச் சற்று மேலே. மாத்திரையைப் போட்டுத் தண்ணீரில் மிதக்கவிடும் மிதவையில் மூன்று மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்களின் குளம் ஏன் முதல் வாரத்திலேயே மங்குகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

மாத்திரைக்கு வேறு இரண்டு குணமும் உண்டு. அது கரையக் கரைய, கடைகளில் ஸ்டெபிலைசர் என்று கேட்டு வாங்கும் சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேரும்: 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம். பத்து மாத்திரை கரைந்தால் 24 ஏறிவிடும். ஸ்டெபிலைசர் 30 முதல் 50 வரை இருந்தால் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். அதற்கு மேலே போகப் போகக் குளோரினின் கையைக் கட்டிப்போடும். சோதனையில் 3 பிபிஎம் காட்டும், பாசியும் வளரும். பொதுவாக, ஃப்ரீ குளோரின், அதாவது இன்னும் வேலை செய்யக் கையிருப்பில் உள்ள குளோரின், ஸ்டெபிலைசர் அளவில் 7.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 40-க்கு 3 பிபிஎம், 80-க்கு 6. ஆகவே கிளம்பும்போதே 70-ஐத் தாண்டியிருந்தால் மாத்திரையை நம்பாதீர்கள். கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் இறக்கும் வழி. மழைக்காலத்தில் குளத்தை முழுக்க வற்றவைக்க வேண்டாம். நிலத்தடி நீர் ஏறி நின்றால் காலிக் குளத்தின் தொட்டியையே மேலே தூக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

இரண்டாவது குணம், மாத்திரை அமிலத்தன்மை உள்ளது. பத்து மாத்திரை ஆல்கலினிட்டியை, அதாவது பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மையை, சுமார் 30 பிபிஎம் இறக்கிவிடும். பிஎச் சரிந்து டைல் இடுக்குச் சாந்தையும் பம்பின் உலோகப் பாகங்களையும் அரிக்கும். அதனால் கிளம்பும் முன் ஆல்கலினிட்டியை 100 முதல் 120-இல் வைத்துக்கொள்ளுங்கள். 10 பிபிஎம் ஏற்ற 750 கிராம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட் வேண்டும். பிஎச் 7.4 பக்கம் இருக்கட்டும்.

ஒரு வாரம் முன்பு

சொட்டு விட்டால் மஞ்சளாகும் மலிவான கருவி மொத்தக் குளோரினைத்தான் காட்டும். இளஞ்சிவப்பாகும் டிபிடி கருவிதான் ஃப்ரீ குளோரினைத் தனியாகச் சொல்லும். அதை வைத்து ஒரு சோதனை செய்யுங்கள்: பொழுது சாய்ந்தபின் ஒரு அளவு, மறுநாள் சூரியன் எழுமுன் ஒரு அளவு. இரவில் வெயில் இல்லை. ஆனாலும் 1 பிபிஎம்-க்கு மேல் குறைந்திருந்தால் உயிருள்ள ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் பாசி ஏற்கெனவே குடியேறிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் ஊருக்குப் போனால் எத்தனை மாத்திரை வைத்தாலும் பயனில்லை.

ஏணிக்குப் பின்பக்கம், படிக்கட்டு மூலைகள், விளக்குக் குழியின் விளிம்பு, டைல் இடுக்கு எல்லாவற்றையும் நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் வெறும் கான்கிரீட்டுக்குத்தான். மொசைக் டைலிலும் ஃபைபர் குளத்திலும் கீறல் விழும். கீறலே அடுத்த பாசிக்கு வீடு. இடுக்கில் கரும்புள்ளி தெரிந்தால் அது கரும்பாசி. மேல்தோல் தடித்தது என்பதால் தேய்க்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் சாகாது.

மணல் வடிகட்டி சுத்தமாக இருக்கும்போது அழுத்தமானி காட்டும் அளவை வடிகட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் நேரம், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு மணலைக் கழுவும் நேரம். கிளம்பும் முன் எப்படியும் ஒருமுறை செய்துவிடுங்கள்: பம்பை நிறுத்திவிட்டு வால்வைத் திருப்பி, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம், பிறகு மறுபடி நிறுத்தி, ரின்ஸில் அரை நிமிடம். பம்ப் ஓடும்போதே வால்வைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, பொழுது சாய்ந்தபின், ஃப்ரீ குளோரினை 12 பிபிஎம் பக்கம் ஏற்றுங்கள். 65 சதவீதக் கால்சியம் ஹைபோகுளோரைட் தூள் என்றால் ஒரு பிபிஎம்-க்கு 70 கிராம். 3-இலிருந்து 12-க்கு ஏற்ற 630 கிராம். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். இந்தத் தூளையும் ட்ரைகுளோர் மாத்திரையையும் ஒரே வாளியிலோ ஒரே டப்பாவிலோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அளவுக் கரண்டியைக்கூடத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிக்கொல்லி சேர்ப்பதானால் பாலிக்வாட் வகை நல்லது, நுரைக்காது. செம்பு கலந்தது மலிவு, ஆனால் பிஎச் ஏறினால் சுவரில் கறை படியும். மறுநாள் ஊற்றுங்கள், புட்டியில் சொன்ன அளவு. இது கூடுதல் காப்புதான். குளோரின் இறங்கிவிட்ட குளத்தைத் தனியாகக் காப்பாற்றாது.

பம்ப் நின்றால் எல்லாம் நின்றது

மழை குளோரினைக் கழுவிவிட்டது என்பார்கள். 50 மில்லிமீட்டர் மழை என்பது நல்ல கொட்டு கொட்டும் மழை, அதுவே 1.4 மீட்டர் ஆழக் குளத்தில் மூன்றரை சதவீதம்தான். மழையோடு வரும் இலையும், புல்தரையிலிருந்து வழிந்து வரும் மண்ணும் உரமும்தான் கேடு. அதைவிடப் பெரிய கேடு மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு இடிக்கு ஈஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், ட்ரிப் ஆகிவிடும். வீட்டில் ஆள் இல்லை, தூக்கிவிட யாரும் இல்லை. அன்றிலிருந்து தண்ணீர் அசையாது. மாத்திரைக் குளோரின் மிதவையைச் சுற்றியே நிற்கும். மூன்றாம் நாள் நிழல் மூலையில் பச்சை தெரியும்.

எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, பம்புக்குத் தனி ஆர்சிசிபி (அதே மின்கசிவு சுவிட்ச்தான்) போட்டுக்கொண்டால் சமையலறைக் கோளாறு குளத்தை நிறுத்தாது. முள் சுற்றும் டைமர் மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் பின்தங்கும்; பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். பகலில் எட்டு மணி நேரம், காலை 9 முதல் மாலை 5 வரை வையுங்கள். வெயிலும் பாசியும் பகலில்தான் வேலை செய்கின்றன. கைப்பேசியில் இயக்கும் சின்ன ஸ்மார்ட் ப்ளக்கில் பம்பை நேரடியாக மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் கருகிவிடும். இடையில் கான்டாக்டர், அதாவது பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச், வேண்டும்.

தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் இலை தழையை இழுக்கும் சுவர்த் திறப்பு) வாயின் நடுவில் இருக்கட்டும். மட்டம் தாழ்ந்தால் பம்ப் காற்றை இழுத்து சீல் கருகும். வழிந்து மேலே ஏறினால் ஸ்கிம்மர் இலையை இழுக்காது. ஸ்கிம்மர் கூடையில் மாத்திரை போடுவது இங்கே பரவலான பழக்கம், செய்யாதீர்கள். பம்ப் நின்றிருக்கும் 16 மணி நேரமும் கூடையில் அமிலக் கரைசல் ஊறி, காலையில் அப்படியே பம்புக்குள் போகும். மிதவை இரண்டு, அல்லது குழாயில் பொருத்தும் ஃபீடர்தான் சரி.

உப்புத் தண்ணீரிலிருந்தே குளோரின் தயாரிக்கும் உப்பு குளோரினேட்டர் உள்ளவர்களுக்கு மாத்திரைக் கவலை இல்லை. ஆனால் குளோரின் உருவாகும் தகடுகள் உள்ள செல்லில் வெள்ளைப் படிவு இல்லை என்று பாருங்கள். கருவி கேட்கும் உப்பளவையும் சரிபாருங்கள். மழை வழிந்தோடினால் உப்பும் வழிந்தோடும்.

குளத்தை விரிப்பு போட்டு மூடிப் போகலாமா? வெளிச்சத்தை மறைப்பது உண்மையிலேயே உதவும். ஆனால் விரிப்பின் மடிப்பில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான். இழுத்துக் கட்டி நீர் வடியும் விரிப்பு இல்லையென்றால் திறந்தே விடுங்கள். ரப்பர் வளையம், வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடமோ அண்ணனிடமோ சாவி கொடுக்கும்போது ரசாயனத்தைப் பற்றிப் பேசவேண்டாம். நான்கு நாளுக்கு ஒருமுறை ஓடும் நேரத்தில் அழுத்தமானியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூஜ்யம் காட்டினால் ட்ரிப் ஆன சுவிட்சைத் தூக்கிவிடவேண்டும். உடனே மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு உங்களைக் கூப்பிடவேண்டும். ஸ்கிம்மர் கூடையைக் காலி செய்வதும், ஒரு வாரம் கழித்து மிதவையில் மாத்திரை நிரப்புவதும் மட்டும் அவர்கள் வேலை. மாத்திரைக்குக் கையுறை கொடுத்துவிடுங்கள்.

அப்படியும் பச்சையாகிவிட்டால்

முதலில் பிஎச்-ஐ 7.2-க்கு இறக்குங்கள். பிறகு ஸ்டெபிலைசரின் 40 சதவீதத்துக்குக் குளோரினை ஏற்றுங்கள்: ஸ்டெபிலைசர் 40 என்றால் 16 பிபிஎம், பூஜ்யத்திலிருந்து ஏற்ற 1.1 கிலோ தூள். பம்பை 24 மணி நேரமும் ஓடவிட்டு, தினமும் தேய்த்து, அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்து, குளோரின் இறங்க இறங்க மறுபடி 16-க்கே ஏற்றுங்கள். ஒரே தடவை ஊற்றிவிட்டு நிறுத்தினால் மிச்சமிருக்கும் பாசி திரும்ப வளரும். பச்சை வெளிர்நீலமாகிச் சாம்பல் கலங்கலாக மாறினால் பாசி செத்துக்கொண்டிருக்கிறது. வடிகட்டி அதை எடுக்க மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகலாம். தண்ணீர் தெளிந்து, இரவில் குறையும் குளோரின் 1 பிபிஎம்-க்குள் வந்ததும் ஏற்றுவதை நிறுத்தலாம். ஆழமான பக்கத்தின் தரை வடிகால் கரையிலிருந்து தெளிவாகத் தெரியும்வரை பிள்ளைகளை இறக்காதீர்கள். கலங்கல் தண்ணீரில் அடியில் போன பிள்ளை கண்ணுக்குத் தெரியாது.