பழைய திரிகையைக் கொத்துமுன்னும் கொத்தும்போதும்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் பழைய வளவுகளில் குரக்கன் திரிகை கிடந்தால் உடனே உளியை எடுக்காதீர்கள். தேய்ந்த கொத்துத் தழும்புதான் அதன் வரலாறு. முதலில் விட்டம், தடிப்பு, நடுவில் முளை நிற்கும் குழியின் ஆழம் மூன்றையும் அளந்து, சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள். உச்சி வெயிலில் தழும்பு தெரியாது. மண்ணைத் தோண்டும்போது வந்த கல்லென்றால் கை வைக்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

திரிகையில் கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுற்றும். நீரால் சுழலும் மாவாலையிலும் இதே ஏற்பாடுதான். நம் சமதரையில் தண்ணீர் விழ உயரமில்லை, கைதான் சுற்றியது.

குரக்கன் மாவாகாமல் நசுங்கி வந்தால் கல்லின் அரைக்கும் முகம் வழுவழுத்துவிட்டது. கீழ்க்கல்லில் ஈரக் காவி பூசி, மேற்கல்லை வைத்து ஒரு சுற்று சுற்றித் தூக்குங்கள். மேற்கல்லில் காவி ஒட்டிய இடமே மேடு. அங்கே மட்டும் கூர் உளியால் மெல்லத் தட்டி, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழப் புள்ளிகள் இடுங்கள். நடுவில் ஐதாக, விளிம்பில் நெருக்கமாக. ஓங்கி அடித்தால் விளிம்பு செதிலாகப் பெயரும். அதை ஒட்ட வழியில்லை, சீமெந்து பூசினால் மாவோடு உதிரும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் குற்றம் கல்லில் இல்லை, முளை ஆடுகிறது. முதிரைக் கட்டையில் புதிதாகச் செதுக்கி இறுக்குங்கள்.

கொத்தியபின் தும்பால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தவிடோ பழைய அரிசியோ அரைத்துக் கொட்டுங்கள். பல்லில் மணல் நெருடாத வரைக்கும் திரும்பவும். சவர்க்காரம் வேண்டாம், கல் மணத்தைக் குடித்துவிடும்.