புது மொழி பேசும்போது உங்கள் கை என்ன செய்கிறது?

புது மொழி கற்கும்போது சொல், இலக்கணம், உச்சரிப்பு என்று எல்லாவற்றையும் பார்க்கிறோம், கையை மட்டும் கவனிப்பதே இல்லை. ஒரு குட்டிச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மேட்டிலிருந்து ஒரு பந்து உருண்டு இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம், அதை முதலில் தமிழிலும் அப்புறம் கற்கிற மொழியிலும் சொல்லி போனில் வீடியோ எடுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். (சத்தம் இருந்தால் நம் உச்சரிப்பைக் கேட்டு நெளிவதிலேயே நேரம் போய்விடும்.)

சொல் சிக்காத இடத்தில் கை முந்திக்கொண்டு ஆடுவது தெரியும். ஆடட்டும், கட்டிப்போடாதீர்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்கூட கையசைத்துத்தான் பேசுகிறார்கள், ஆக அது எதிரே இருப்பவர் பார்ப்பதற்காக மட்டும் நடப்பதில்லை.

இப்போது பந்து உருளும் இடத்தில் நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் 'ரோல்டு டவுன்' என்றால் ஒரே வினையில் வேலை முடிந்தது, பேசுபவரும் பெரும்பாலும் கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்கிவிடுவார். துருக்கிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் உருள்வதற்கு ஒரு வினை, இறங்குவதற்கு இன்னொரு வினை. அதனால் சைகையும் இரண்டாகப் பிரிவது அங்கே அதிகம் என்று கிட்டா, ஓஸ்யுரெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். 'உருண்டு இறங்கியது' என்னும் தமிழும் அந்தப் பக்கம்தான். ஆங்கிலம் பேசும்போதும் உங்கள் கை இரண்டு தடவை அசைந்தால், வாய் மொழி மாறிவிட்டது, கை இன்னும் மாறவில்லை என்று பொருள்.

கைக்கு வீடியோ என்றால், உச்சரிப்பு மாறுகிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பல்' என்று சொன்னால் அவ்வளவாக அசையாது. 'பென்' என்பதை ஆங்கிலேயர் போலச் சொல்லிப் பாருங்கள், காற்று அடித்துப் படபடக்கும். கொஞ்ச நாளில் 'பல்'லுக்கும் காகிதம் ஆட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம்: கொரிய மொழி கற்கப் போன அமெரிக்கர்களுக்கு ஆறே வாரத்தில் சொந்த ஆங்கில ஒலிகளே லேசாக நகர்ந்திருந்ததை மொழியியலாளர் சார்ல்ஸ் சாங் 2012-ல் எழுதியிருக்கிறார்.

சைகைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை, 'ஆமாம்', 'இல்லை' இரண்டைத் தவிர. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை' என்று அர்த்தம், அங்கே போய்ச் சம்மதம் என்று நினைத்து ஆட்டினால் கதை கந்தல். மற்றதெல்லாம் அந்த மொழிக்காரர்களோடு பேசப் பேசத் தானாக ஒட்டிக்கொள்ளும்.

முதல் வீடியோவை அழித்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே பந்தை மறுபடி உருட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.