மோர்ஸ் ஒளி ஆப்பை டெஸ்க்டாப்பில் ஓட்டுவது எப்படி

அக்கா மகன் இங்கே சிங்கப்பூர் மரிடைம் அகாடமியில் படிக்கிறான், கப்பல் அதிகாரி ஆக வேண்டும் என்று. மோர்ஸ் என்பது எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் முறை. கப்பல்களில் ரேடியோ மோர்ஸ் 1999 பிப்ரவரியோடு கட்டாயம் இல்லாமல் போய்விட்டது, ஆனால் விளக்கை மின்னவைத்து அனுப்பும் மோர்ஸ் இன்னும் இருக்கிறது. எஸ்டிசிடபிள்யூ என்ற உலகக் கடலோடிப் பயிற்சி விதிகளின்படி, கப்பலில் காவல் பார்க்கும் அதிகாரிக்கு எஸ்ஓஎஸ் என்ற ஆபத்துச் சைகையையும் ஒற்றை எழுத்துச் சைகைகளையும் ஒளியில் அனுப்பவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அவன் போனில் ஒரு மோர்ஸ் டார்ச் ஆப் வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். பெரிய திரையில் மின்னினால் ஹாலின் அந்தக் கோடியில் நின்றும் படிக்கலாமே என்று அதை டெஸ்க்டாப்பில் போட்டோம். ஆப் திறந்தது, எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்தினான், ஒன்றும் மின்னவில்லை. "மாமா, இதுல டார்ச் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

அதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. டெஸ்க்டாப்பில் ஃபிளாஷ் விளக்கு கிடையாது. எமுலேட்டர், அதாவது கணினிக்குள் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் மென்பொருள், ஆண்ட்ராய்டைத்தான் தரும், இல்லாத விளக்கைத் தராது. அதனால் இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே, ஆப்பின் விவரத்தில் திரையை மின்னவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் மட்டும்தான் என்றால் அது எமுலேட்டரில் பயன்படாது, அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

விண்டோஸ் கணினி என்றால் புளூஸ்டாக்ஸ் என்ற எமுலேட்டர் போதும், குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், 8 இருந்தால் நிம்மதி. விண்டோஸுக்குள்ளேயே ஆண்ட்ராய்டு ஓட மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்த வசதி 2025 மார்ச் 5ஓடு முடிந்துவிட்டது, அதை வைத்துச் சொல்லித்தரும் பழைய வீடியோக்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மேக்கில் ஆப்பிள் சிப் இருந்தால் சில ஐபோன் ஆப்களை ஆப் ஸ்டோரிலிருந்து நேரடியாகவே போடலாம், ஆப் செய்தவர் அனுமதித்திருந்தால்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவுக்குப் போய் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட் என்று இருக்கிறதா பாருங்கள். டிசேபிள்ட் என்றால் எமுலேட்டர் ஆமை வேகத்தில்தான் ஓடும், மோர்ஸுக்கு அது உதவாது. கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய், இன்டெல் என்றால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். அப்புறம் புளூஸ்டாக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, கூகுள் கணக்கில் நுழைந்து, பிளே ஸ்டோரில் ஆப்பைத் தேடிப் போடுங்கள். மற்ற எந்த ஆப்பையும் போடுவது போலத்தான்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான், நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க இதில்தான் இருந்தோம். மோர்ஸ் என்பது காலக்கணக்கு. புள்ளி ஒரு பங்கு என்றால் கோடு 3 பங்கு. ஒரே எழுத்துக்குள் இடைவெளி 1 பங்கு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 3, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே 7. ஒரு புள்ளி எத்தனை மில்லி விநாடி என்று தெரிய 1200ஐ வேகத்தால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதால், வகுத்தால் போதும். 5 சொல் வேகத்தில் புள்ளி 240 மில்லி விநாடி, 20 சொல் வேகத்தில் வெறும் 60. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றும், ஆக 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளிக்கு மூன்றரை ஃபிரேம் சொச்சம்தான் கிடைக்கிறது, ஒரு புள்ளி குட்டையாகவும் அடுத்தது நீளமாகவும் விழும். எமுலேட்டர் நடுவில் ஒரு ஃபிரேமைத் தவறவிட்டால் இன்னும் மோசம். கண்ணால் பழகுகிறவருக்கு இந்த ஒழுங்கின்மை பெரிய கெடுதல், தப்பான தாளம் மனதில் பதிந்துவிடும்.

ஆகவே 5 அல்லது 6 சொல் வேகத்தில் வையுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய திரை விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. புள்ளிகள் வரிசையாக வரும்போது 7 சொல் வேகத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் திரை மின்னல் வேண்டவே வேண்டாம், ஒலியில் பழகுங்கள்.

அடுத்து மானிட்டர். எங்களுடையதில் புள்ளிகள் மங்கலாகவும் கோடுகள் பளிச்சென்றும் வந்தன, ஆப்தான் சரியில்லை என்று நினைத்து இரண்டு ஆப் மாற்றிப் பார்த்தோம். காரணம் மானிட்டரின் மெனுவில் இருந்த டைனமிக் கான்ட்ராஸ்ட். திரை கறுப்பானதும் அது பின்விளக்கைக் குறைத்துவிடுகிறது, அடுத்த வெள்ளை வரும்போது விளக்கு ஏற நேரம் எடுக்கிறது, அதற்குள் புள்ளி முடிந்துபோகிறது. அதை ஆஃப் செய்தவுடன் சரியாகிவிட்டது. நைட் லைட்டையும் தானாகப் பிரகாசம் மாறும் வசதியையும் நிறுத்துங்கள், பிரகாசத்தை முழுதாக ஏற்றுங்கள். புளூஸ்டாக்ஸ் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸுக்குப் போய் ஃபிரேம் ரேட்டை 60இல் வையுங்கள். எஃப்11 அழுத்தினால் முழுத்திரை.

சரி, டார்ச் மட்டும் உள்ள ஆப்புக்கு வருவோம். எமுலேட்டரை விட்டுவிட்டு ஸ்கிரீன் காப்பி என்று சொல்லப்படும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு எழுத்தையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். இது உங்கள் ஆண்ட்ராய்டு போனையே கணினித் திரையில் காட்டும். போனின் செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளால் இணையுங்கள். இப்போது கணினியின் கீபோர்டில் நீங்கள் அடிப்பது போனின் டார்ச்சில் மின்னும். எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடித்தது, போனைப் புத்தக அலமாரியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி அனுப்பலாம். முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள், அது ஆனில் இருக்கும் போனோடு வெளியே போக வேண்டாம்.

பழகுவதற்கு ஒற்றை எழுத்துகள் நல்லவை, ஒவ்வொன்றுக்கும் கடலில் முழுப் பொருள் இருக்கிறது. யு, அதாவது புள்ளி புள்ளி கோடு, நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள் என்பது. ஓ, மூன்று கோடு, ஆள் கடலில் விழுந்துவிட்டார். டபிள்யூ, புள்ளி கோடு கோடு, மருத்துவ உதவி வேண்டும். இவை சரளமானதும் முறைப்படி பேசிப் பாருங்கள்: அழைப்பவர் ஏ ஏ என்று திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும், பார்த்தவர் டி டி டி டி என்று பதில் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு சொல்லும் புரிந்ததும் ஒரு டி, ஒரே ஒரு கோடு. நான் கணினியிலிருந்து அனுப்ப, அவன் சமையலறை வாசலில் நின்று கைவிளக்கால் டி அடிப்பான், அடிக்காவிட்டால் அந்தச் சொல்லைத் திரும்ப அனுப்புவேன்.

ஒன்று மட்டும், மரீன் பரேடு பக்கம் போல ஜன்னலிலிருந்து நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும் வீடு என்றால் திரைச்சீலையை மூடிவிட்டு ஆரம்பியுங்கள், எஸ்ஓஎஸ்ஸைக் கடல் பக்கம் ஒருபோதும் காட்டாதீர்கள். ஆபத்து இல்லாதபோது ஆபத்துச் சைகை காட்டுவதைக் கடல் விதிகள் தடுக்கின்றன, அங்கே காவலில் நிற்பவர் அதை நம்பித்தான் ஆக வேண்டும்.