ஒரே புதன்கிழமைக்கு இரண்டு தேதிகள்: கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலைக்களஞ்சியத்துக்கு எழுதப் புதிதாக வந்திருப்பவர்களின் கைப்பிரதிகளைத் திருத்துவது இப்போது என் வேலை. சென்ற வாரம் ஒரு பிரதியில் 'கலிலியோ மறைந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்ற வரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் எழுதினேன். எழுத்துப்பிழைகளை மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எந்த நாட்காட்டி என்று கேட்காமல் தேதி எழுதுவது

பழைய ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்கு 365¼ நாள் என்று கணக்கிட்டது. உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. அந்த நிமிடங்கள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து நாட்களாகிவிட்டன. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி அதைத் திருத்தியபோது அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் உடனே மாறின. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. இங்கிலாந்து 1752 வரையும், ரஷ்யா 1918 வரையும் பழைய கணக்கிலேயே இருந்தன. 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7இல் நினைவுகூரப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

இது தெரியாமல் நான் செய்த தவறு இன்றும் என்னை உறுத்துகிறது. மாணவர்களுக்கான ஆண்டுவரிசை நூல் ஒன்றில், 1746இல் பிரெஞ்சுப் படை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த நிகழ்ச்சியை எழுதினேன். கோட்டை சரணடைந்தது செப்டம்பர் 10 என்றது ஆங்கிலேயர் பக்கத்து நூல். செப்டம்பர் 21 என்றது பிரெஞ்சுப் பக்கத்து நூல். இரண்டுமே நம்பகமானவை. எனவே 10ஆம் தேதி பேச்சு தொடங்கியது, 21ஆம் தேதி கோட்டை கைமாறியது என்று நானே முடிவுகட்டி, நடுவில் பதினொரு நாள் பேரம் நடந்ததாக ஒரு பத்தியையும் சேர்த்தேன். அப்படிப் பதினொரு நாட்கள் இருக்கவே இல்லை.

நூல் வெளிவந்த பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. 'ஐயா, இரண்டும் ஒரே புதன்கிழமை' என்று ஒரே வரி. கையிருப்பில் இருந்த பிரதிகள் அனைத்திலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டினோம். பள்ளிகளுக்குப் போய்விட்டவற்றை மீட்க முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு நூலைப் புரட்டியபோது என் பதினொரு நாள் பேரம் அதில் வரலாறாகவே இடம்பிடித்திருந்தது. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் சான்றாக எடுத்துக்கொள்கிறார். நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வது அதனால்தான்.

அந்த அஞ்சலட்டை எனக்கு ஒரு வழியையும் காட்டியது. நாட்காட்டி மாறியபோது தேதிதான் தாவியது, கிழமை தாவவில்லை. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2 புதன். மறுநாள் செப்டம்பர் 14, வியாழன். ஆகவே இரண்டு தேதிகள் மோதினால் அந்தந்த நாட்காட்டியில் கிழமையைக் கணக்கிடுங்கள். புதுச்சேரியில் அன்றாடம் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதற்குப் பெரிய துணை. தேதியோடு தமிழ் வருடம், மாதம், கிழமை எல்லாம் அதில் இருக்கும். இரு நாட்காட்டிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 1700 வரை 10 நாள், அதன்பின் 11, 1800க்குப் பின் 12, 1900க்குப் பின் 13.

ஜனவரியில் ஆண்டு பிறந்ததாகவே நினைப்பது

1752க்கு முன் இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. முதலாம் சார்லஸ் மன்னருக்கு விதித்த மரண ஆணையில் இருப்பது 1648 ஜனவரி 29. நம் கணக்கில் அது 1649. அக்காலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களிலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளை இருமுறை பாருங்கள்.

'ஒரே நாளில் மறைந்த' ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும்

ஒரே நாளில் மறையவில்லை. இருவருக்கும் சொல்லப்படும் தேதி 1616 ஏப்ரல் 23தான்; ஆனால் இங்கிலாந்தில் பழைய கணக்கில் வரும் ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23, ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசின் நாட்டு நாட்காட்டியில் மே 3.

வருடப் பெயரை மட்டும் குறிப்பது

'அட்சய வருடம்' என்றால் 1746ஆ, 1806ஆ, 1866ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர் அது. ஆங்கில ஆண்டையும் எழுதுங்கள்.

பில்லியன்

இன்று நூறு கோடி. பழைய பிரிட்டிஷ் நூல்களில் இலட்சம் கோடி.

'உலகிலேயே முதல்'

அடித்துவிடுங்கள்.

அந்தக் கைப்பிரதிக்குத் திரும்புகிறேன். கலிலியோ இத்தாலியில் மறைந்த 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 பழைய கணக்கு, புதியதில் 1643 ஜனவரி 4. இரண்டையும் பழைய கணக்கில் வைத்தால் கலிலியோ 1641 டிசம்பர் 29க்குப் போய்விடுகிறார். எப்படிப் பார்த்தாலும் ஆண்டு ஒன்றாக வரவில்லை. எழுதியவரும் நானும் உட்கார்ந்து வரியை இப்படி மாற்றினோம்: 'கலிலியோ மறைந்து ஓராண்டு நிறைய நான்கு நாட்கள் இருந்தபோது நியூட்டன் பிறந்தார்.'