கே-பாப் துறையைக் குறை சொல்லும் செய்தி வந்தால் ரசிகர் எப்படிப் பதில் எழுதுவது

கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நடத்தும் கே-பாப் (கொரிய பாப் இசை) வாட்ஸ்அப் குழுவில் கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழக எல்லையின் இருபுறத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வயதில் மூத்தவள் என்பதாலும், பள்ளியில் மலையாளம் படித்தவள் என்பதாலும், செய்திகளைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். 'கே-பாப்பின் இருண்ட முகம்' என்ற வகையில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் பத்து நிமிடத்தில் குழு கொதிக்கத் தொடங்கிவிடும். எழுதியவரைத் திட்டலாமா, ஹேஷ்டேக் போடலாமா, எல்லோரும் சேர்ந்து ரிப்போர்ட் அடிக்கலாமா என்று கேள்விகள் குவியும். அத்தகைய நேரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை நாங்கள் பட்டு அறிந்ததைக் கொண்டு எழுதுகிறேன்.

முதல் வேலை, செய்தியை அது எழுதப்பட்ட மொழியிலேயே கடைசி வரி வரை படிப்பது. எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. இரண்டு மொழியும் நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் அது. ஓர் எடுத்துக்காட்டு: ஃபிஃப்டி ஃபிஃப்டி என்ற கொரியக் குழுவின் நான்கு பெண்களும் தங்கள் நிறுவனமான அட்ராக்ட்டுடன் செய்த ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கக் கோரி 2023 ஜூனில் நீதிமன்றம் சென்றார்கள். ஆகஸ்ட் இறுதியில் தீர்ப்பு வந்தது. 'ஹர்ஜி கோடதி தள்ளி' என்று மலையாளத்தில் வந்த வரியை, குழுவில் இருந்த ஒரு தம்பி 'மனுவை நீதிமன்றம் தள்ளிவைத்தது' என்று தமிழில் போட்டுவிட்டான். மலையாளத்தில் 'தள்ளி' என்றால் தள்ளுபடி. அவன் எழுதியதோ ஒத்திவைப்பு. 'தள்ளுபடி' என்று சரியாக எழுதியிருந்த ஒரு தமிழ்ச் செய்தியின் கீழே எங்கள் பிள்ளைகள் இரண்டு நாள் 'பொய்ச் செய்தி' என்று சண்டை போட்டார்கள். பதிவேற்றும் முன் நான் ஒருமுறை பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. அதே நேரத்தில், தள்ளுபடியானது இடைக்கால நிவாரணம் கேட்ட மனு மட்டுமே என்பதைக் கவனிக்காமல், அந்தப் பெண்கள் சொன்னது அத்தனையும் பொய் என்று தீர்ப்பாகிவிட்டதைப் போல எழுதியவர்களும் தவறுதான் செய்தார்கள்.

இதே போல 'கோடதி வெறுதெ விட்டு' என்றால் விடுதலை செய்தது என்று பொருள். நம் காதுக்கு அது 'ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டுவிட்டது' என்று விழும். 'ஆரோபணம்' என்பது குற்றச்சாட்டுதானே தவிர, நிரூபிக்கப்பட்ட குற்றம் அன்று. இந்த மூன்று சொற்களை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டாலே பாதிச் சண்டை எழாது.

அடுத்து, குறை யார் மீது சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் மீதா, கலைஞர் மீதா, ரசிகர்களாகிய நம் மீதா? ரசிகர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். தான் விரும்பும் குழுவின் பெயர் தலைப்பில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, அந்தக் குழுவை வாட்டும் நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறோம். 2009-இல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூன்று பேர், எஸ்எம் நிறுவனத்துடனான 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 'அடிமை ஒப்பந்தம்' என்ற சொல் உலகப் பத்திரிகைகளில் பரவ அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். 2024 அக்டோபரில் நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி பணியிடத் துன்புறுத்தலைப் பற்றிக் கொரிய நாடாளுமன்றக் குழுவின் முன் கண்ணீருடன் பேசினார். ஆனால் கலைஞர்கள் தொழிலாளர் சட்டத்தின்படி தொழிலாளர் ஆக மாட்டார்கள் என்று காரணம் காட்டி, அந்த விவகாரத்தில் வந்த புகாரைத் தொழிலாளர் துறை அடுத்த மாதமே முடித்துவிட்டது. இவற்றைப் பற்றி எழுதும் செய்தியாளர் நம் கலைஞருக்கு எதிரி ஆகிவிடுவாரா என்று பதில் எழுதும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, செய்தியில் வரும் தகவல் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தேட வேண்டும். 13 ஆண்டு ஒப்பந்தத்தை இன்றும் நடப்பதைப் போல எழுதும் கட்டுரைகள் உண்டு. அந்த வழக்கு நடந்த 2009-ஆம் ஆண்டிலேயே கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் ஏழு ஆண்டுகளை வரம்பாகக் கொண்ட மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்துவிட்டது என்பதைச் சுட்டிக்காட்டுவது நல்ல பதில். ஆனால் 'இப்போது எல்லாம் சரியாகிவிட்டது' என்று அதோடு ஒட்டுப்போடக் கூடாது. அறிமுகத்துக்கு முந்தைய பயிற்சி ஆண்டுகள் பொதுவாக அந்த ஏழில் சேர்வதில்லை.

பெயர் சொல்லாத செய்திகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'பிரபல குழுவைச் சேர்ந்த ஒருவர்' என்று மூடி எழுதினால், துணிவில்லாததால் பொய் என்று நம் பிள்ளைகள் முடிவுகட்டுகிறார்கள். கொரியக் குற்றவியல் சட்டத்தின் 307-ஆம் பிரிவின்படி, சொன்னது உண்மையாகவே இருந்தாலும் ஒருவரின் பெயரைக் கெடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். பொய்யாக இருந்தால் ஐந்து ஆண்டு வரை. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு 310-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது என்றாலும், அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டியிருக்கும். ஆகவே பெயர் இல்லாமை மட்டும் எதற்கும் சான்றாகாது, செய்தி உண்மை என்பதற்கும் கூடத்தான்.

செய்தியாளரைத் தாக்குவது எந்த நிலையிலும் கூடாது. இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2016-இல் ஜங் ஜூன்-யங் என்ற பாடகர் தன்னை மறைமுகமாகப் படம் எடுத்ததாக அவருடைய முன்னாள் காதலி புகார் அளித்ததை ஒரு பெண் செய்தியாளர் வெளியிட்டார். புகார் திரும்பப் பெறப்பட்டது, பாடகர் சில மாதங்களில் தொலைக்காட்சிக்குத் திரும்பினார், வசவுகள் எல்லாம் செய்தியாளர் மேல் விழுந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019-இல், அந்தப் பாடகரின் கைப்பேசி உரையாடல்கள் வெளிவந்தபோது, பெண்களை ரகசியமாகப் படம் எடுத்து நண்பர்களுக்குப் பகிர்ந்ததும் அதைவிடக் கொடிய குற்றங்களும் தெரிந்தன. அவருக்கு ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது ஐந்தாகக் குறைந்தது. 2024 மே மாதம் பிபிசி வெளியிட்ட ஆவணப்படத்தில் அந்தச் செய்தியாளர், வசவுகள் வந்து குவிந்த அந்தக் காலத்தில் தனக்கு இரண்டு முறை கருக்கலைவு நேர்ந்ததைச் சொல்கிறார். அந்த வசவுகளை எழுதியவர்கள் யாரும் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. தாங்கள் விரும்பிய பாடகரைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார்கள்.

செய்தி உண்மையிலேயே தவறாக இருந்தால்? அப்போது பேசாமல் இருக்க வேண்டியதில்லை. 2021-இல் ஜெர்மனியின் பயர்ன் 3 வானொலியில் ஒரு தொகுப்பாளர் பிடிஎஸ் குழுவைக் கொரோனாவுடன் ஒப்பிட்டபோது ரசிகர்கள் இனவெறுப்பு என்று சுட்டிக்காட்டினார்கள். வானொலியும் அவரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஃபிஃப்டி ஃபிஃப்டி விவகாரத்தை ஒருபக்கமாகக் காட்டியதாகக் கொரியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியும் பார்வையாளர்களின் எதிர்ப்பால் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

எங்களுக்கும் ஒரு சிறிய அனுபவம் உண்டு. ஒரு மலையாள நாளிதழின் ஞாயிறு இணைப்பு, கலைஞர்களின் தற்கொலைகளைப் பற்றிய கட்டுரையில், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத, உயிரோடு இருக்கும் ஒரு குழுவின் படத்தைப் போட்டிருந்தது. குழுவில் முதலில் எழுதப்பட்ட பதில் இப்படி இருந்தது: 'உங்களுக்குக் கொரியர் எல்லாம் ஒரே முகமா, வெட்கமாக இல்லையா?' கோபம் நியாயமானது, ஆனால் அதைப் படித்த ஆசிரியர் எதைத் திருத்துவார்? அதை ஒதுக்கிவிட்டு நான்கு வாக்கியங்கள் எழுதினோம்: எந்த நாள் இதழ், எத்தனையாவது பக்கம், படத்தில் இருப்பவர்கள் யார், எதை எப்படி மாற்ற வேண்டும். கட்டுரையின் கருத்தைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அடுத்த வாரம் இணையப் பதிப்பில் படம் மாறியிருந்தது. அச்சில் திருத்தம் வரவில்லை என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

கருத்தை மறுக்கும் பதிலுக்கு நான் காட்டும் மாதிரி, பிடிஎஸ் குழுவின் ஆர்எம் 2023-இல் ஸ்பெயின் நாட்டின் எல் பயிஸ் நாளிதழுக்குக் கொடுத்த பேட்டி. இளம் பருவத்திலேயே கடும் பயிற்சி கொடுத்து மனிதரைத் தேய்க்கும் முறை என்ற குறையை அவர் முழுவதுமாக மறுக்கவில்லை. ஒரு பகுதியை ஒப்புக்கொண்டார், ஒப்பந்தத்திலும் பணத்திலும் கல்வியிலும் என்ன முன்னேறியிருக்கிறது என்றார், எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒன்றுமில்லாமல் கிடந்த நாடு என்ற வரலாற்றையும் நினைவூட்டினார். ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த வரியைப் படிக்க எதிராளி தயாராக இருப்பார்.

பணத்துக்காகக் கட்டுக்கதை பரப்பும் சேனல்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஐவ் குழுவின் வொன்யங் தன்னை இழிவுபடுத்திய யூடியூப் சேனல் ஒன்றின் மீது வழக்குப் போட்டு இழப்பீட்டுத் தீர்ப்பே பெற்றிருக்கிறார். அத்தகைய காணொளிக்குப் பதில் காணொளி போடுவது அவர்களுக்குப் பார்வையாளர்களைக் கூட்டிக்கொடுப்பதாகும்; ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பும் எடுத்து, நிறுவனத்தின் புகார்ப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, குழுவில் பகிராமல் விடுவதே போதும்.

இறந்துபோன கலைஞர்களைப் பற்றிய செய்தியில் வாதமே வேண்டாம். இணைய வசவுகளுக்கு ஆளாகியிருந்த பாடகி சல்லி 2019 அக்டோபரில் இறந்த பிறகு, கொரிய இணையதளங்களான டௌம் (Daum) அந்த மாதமும், நேவர் (Naver) 2020 மார்ச்சிலும் பொழுதுபோக்குச் செய்திகளின் கீழ் கருத்து எழுதும் வசதியையே எடுத்துவிட்டன.

இப்போது எங்கள் குழுவில் மலையாளச் செய்தியைப் பகிர வேண்டுமானால், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் படித்திருக்க வேண்டும். அந்தத் தம்பி ஒவ்வொரு முறையும் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறான்: 'அக்கா, இது தள்ளுபடியா, தள்ளிவைப்பா?'