பசுமைத் தொழில்நுட்பத்துக்கு அரசு ஆராய்ச்சி நிதி: தென்னாப்பிரிக்கச் சிறு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பன் பக்கம் பீனிக்ஸிலோ வெருலத்திலோ ஒரு சிறு நிறுவனம் கரும்புச் சக்கையைக் கரியாக்கி, சாயக் கழிவுநீரை வடிகட்டும் கருவி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அரசுப் பணம் கிடைக்கப் பல வாசல்கள் உண்டு. தொழில்நுட்பப் புத்தாக்க முகமை, நீர் ஆராய்ச்சி ஆணையம், வர்த்தக தொழில் துறையின் தொழில் புத்தாக்க உதவித் திட்டமான எஸ்பிஐஐ ஆகியவற்றோடு, வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவு தரும் வரிச் சலுகையும் இருக்கிறது. இவற்றில் எது எப்போது விண்ணப்பம் வாங்குகிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். எழுத உட்காரும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நல்ல யோசனைகள் தோற்பது பெரும்பாலும் யோசனையின் குறையால் அல்ல, கேட்கும் விதத்தால்தான்.

இயந்திரம் வாங்கப் பணம் கேட்பது

அடிப்படைத் தவறு இதுதான். மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. "வடிகட்டி அலகு ஒன்று வாங்க 12 லட்சம் ராண்ட் தேவை" என்று எழுதினால் அது தொழில் கடன் விண்ணப்பம். ஆராய்ச்சி நிதி, இன்னும் விடை தெரியாத ஒரு தொழில்நுட்பக் கேள்விக்குத் தரப்படுவது. எஸ்பிஐஐ, அடிப்படை ஆராய்ச்சி முடியும் இடத்தில் தொடங்கி உற்பத்திக்கு முந்தைய முன்மாதிரியோடு நின்றுவிடும். உற்பத்தி இயந்திரமும் விளம்பரச் செலவும் அதில் சேரா. 11டி பிரிவும் அந்தத் துறையில் தேர்ந்த ஒருவர் இருக்கும் அறிவைக் கொண்டு எளிதில் ஊகித்துவிட முடியாத நிச்சயமின்மையைத்தான் தேடுகிறது. வழக்கமான தரச் சோதனை, சந்தை ஆய்வு இரண்டையும் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது.

ஆகவே கேள்வியை எழுதுங்கள். கழிவுநீரில் உப்பு ஏறும்போது கரியின் உறிஞ்சும் திறன் எவ்வளவு குறைகிறது? ஒரே கரியை எத்தனை முறை மீட்டுப் பயன்படுத்தலாம்? ஆய்வகத்தில் 5 லிட்டரில் நடந்தது நாளொன்றுக்கு 5,000 லிட்டரிலும் நடக்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை, ஒரு எண் இலக்கு, இலக்கை எட்டாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற முடிவு, மூன்றும் வேண்டும். இயந்திரம் அந்தச் சோதனைக்கான கருவியாகச் செலவுப் பட்டியலில் பிறகு வரட்டும்.

சதவீதத்தில் சொல்லி நிறுத்துவது

"90 சதவீதம் சுத்தமாகும்" என்ற வரியை மதிப்பீட்டாளர் நம்பமாட்டார், காரணமும் உண்டு. உள்ளே வரும் நீரில் சிஓடி எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் இருந்தால், 90 சதவீதம் நீங்கிய பிறகும் 200 மிஞ்சும். ஆற்றில் விடும் நீருக்கு 2013ஆம் ஆண்டின் பொது அனுமதி அறிவிப்பு வைத்த பொது வரம்போ 75. கரையாத மிதவைத் திடப்பொருளுக்கு 25 மில்லிகிராம், அமில காரக் குறியீடு (pH) 5.5 முதல் 9.5 வரை. ஆற்றில் விடாமல் நகராட்சிச் சாக்கடையில் விடுவதானால் அந்த நகராட்சியின் துணைவிதி வரம்புகள் வேறு. எந்த வரம்பை எட்டப்போகிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

சான்றும் முறையாக இருக்கவேண்டும். தேசிய ஆய்வக அங்கீகார அமைப்பான சானாஸின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு, கையடக்கக் கருவியின் அளவீட்டுக்கு இல்லை. மாதிரி எடுத்தவுடன் 4 டிகிரி செல்சியஸில் குளிர்விக்கவேண்டும். சிஓடி மாதிரியில் கந்தக அமிலம் சேர்த்து அமில காரக் குறியீட்டை 2க்குக் கீழே இறக்கவேண்டும். மூடிய வண்டியில் வெயிலில் கிடந்த மாதிரியில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்றுவிடும், உங்கள் கருவி செய்யாத வேலையைச் செய்ததாக எண் காட்டும். பிறகு முன்னோட்ட அலகில் அதே எண் திரும்ப வராது. அப்போது கெடுவது உங்கள் பெயர்.

பணம் முன்னால் வரும் என்று நம்புவது

எஸ்பிஐஐயின் சிறு நிறுவனப் பிரிவு, நிறுவன உரிமையைப் பொறுத்துத் தகுதியான செலவில் 50 முதல் 85 சதவீதம் வரை, 20 லட்சம் ராண்ட் உச்சவரம்போடு தரும் வகையில் அமைந்தது. மீதி உங்கள் பை. 16 லட்சம் ராண்ட் திட்டத்துக்கு 75 சதவீதம் கிடைத்தால் உங்கள் பங்கு 4 லட்சம். அதோடு கணக்கு முடியாது. முதலில் செலவழித்து, ரசீது காட்டி, பிறகுதான் பணம் கேட்கவேண்டும். முதல் கட்டச் செலவு 5 லட்சம் என்றால் அந்த 5 லட்சமும் கையில் இருக்கவேண்டும், கோரிக்கை பரிசீலிக்கப்படும் மாதங்களையும் தாங்கவேண்டும். ஆண்டுக் கணக்கு போதாது, மாதவாரியாகப் பண ஓட்டம் எழுதுங்கள். ஒப்புதலுக்கு முன் செய்த செலவுக்கு மானியத்தில் பணம் திரும்ப வராது. சவ்வு வடிகட்டி போன்ற இறக்குமதிப் பொருளுக்கு ராண்ட் மதிப்புச் சரிவையும் சுங்க வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11டியில் 10 லட்சம் செலவழித்தால் வரிக்குரிய வருமானத்தில் 15 லட்சமாகக் கழிக்கலாம். 27 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்குக் கூடுதல் மிச்சம் 1,35,000 ராண்ட். லாபமே இல்லாத புது நிறுவனத்துக்கு அது கைப்பணம் ஆகாது, நட்டக் கணக்கில்தான் சேரும். மானியத்தில் செய்த செலவை இந்த 150 சதவீதக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சி தொடங்கி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த ஆறு மாதச் செலவும் கணக்கில் வரும். சலுகை 2033 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

தாள்கள்

இவை சிறிய விஷயம், ஆனால் முதல் வடிகட்டலிலேயே கழித்துவிடுவார்கள். நிறுவனப் பதிவாணையமான சிஐபிசிக்கு, நிறுவனம் பதிவான நாளின் ஆண்டு நிறைவிலிருந்து 30 வேலை நாளுக்குள் ஆண்டு விவர அறிக்கை போயிருக்கவேண்டும். உண்மை உரிமையாளர் விவரம் 2023 மே முதல் கட்டாயம். வருவாய்த் துறையான சார்ஸ் தரும் வரி இணக்க எண்ணும் நடப்பில் இருக்கட்டும்.

நம்மவர்கள் பலர் பி-பிபிஇஇ எனப்படும் கறுப்பர் பொருளாதார வலுவூட்டல் பகுதியைத் தாண்டிப்போகிறார்கள். அந்தச் சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடக்கம். பிறப்பாலோ வம்சாவளியாலோ குடியுரிமை பெற்றவர்களுக்கும், 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியேறிக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். விற்றுமுதல் 1 கோடி ராண்டுக்கு மேற்படாத நிறுவனத்துக்கு விலை கொடுத்துச் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் போதும், 12 மாதம் செல்லும். நீங்கள் கையெழுத்திட்ட தேதியும் ஆணையர் கையெழுத்திட்ட தேதியும் ஒன்றாக இருக்கவேண்டும். நிதியாண்டு முடியும் நாளை எழுத மறந்தால் பத்திரம் செல்லாமல் போகலாம்.

காப்புரிமையும் பல்கலைக்கழகமும்

கண்காட்சியில் கருவியைக் காட்டிவிட்டுப் பிறகு காப்புரிமைக்குப் போனால் புதுமை போய்விடும். முதலில் தற்காலிக விண்ணப்பம், அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம். இங்கே காப்புரிமை காலங்காலமாக உள்ளடக்க ஆய்வு இல்லாமலே வழங்கப்பட்டு வந்திருக்கிறது. எனவே பத்திரம் இருப்பதாலேயே புதுமை நிரூபணமாகாது. உலக அளவில் தேடிப் பார்த்த அறிக்கையையும் இணையுங்கள்.

பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது, ஆனால் பொது நிதி ஆராய்ச்சியின் அறிவுசார் சொத்துரிமை பற்றிய 2008ஆம் ஆண்டின் 51ஆம் சட்டத்தைப் படித்துவிட்டுச் சேருங்கள். பொதுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். நேர்முக, மறைமுகச் செலவு முழுவதையும் நீங்கள் கட்டினால்தான் சட்டம் விலகும். கூட்டுரிமை வேண்டுமென்றால் வளம் கொடுத்திருக்கவேண்டும், கண்டுபிடிப்பில் உங்கள் ஆளும் இருந்திருக்கவேண்டும், பயன் பங்கீட்டையும் வணிகமாக்கலையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவேண்டும். வேலை தொடங்கும் முன் கையெழுத்தாகட்டும்.

உரிமம்

முன்னோட்டச் சோதனைதானே என்று நினைத்து உரிமத்தை விட்டுவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 500 கிலோவுக்கு மேல் அபாயக் கழிவைப் பதப்படுத்தும் திறன் இருந்தாலே, 2013ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை அறிவிப்பின்படி (மேலே சொன்ன நீர் அறிவிப்பு வேறு) கழிவு உரிமம் வேண்டும். கழிவுநீர் அதில் வராது, தண்ணீர்ச் சட்டத்தின் கீழ் வரும். கணக்கில் எடுப்பது இயந்திரத்தின் திறனை, நீங்கள் ஓட்டும் அளவை அல்ல. 800 கிலோ இயந்திரத்தில் 300 கிலோ மட்டும் ஓட்டுகிறோம் என்ற வாதம் செல்லாது. கேள்விக்கு விடை காண 400 கிலோ போதுமென்றால் இயந்திரத்தையே 400 கிலோவுக்கு வடிவமையுங்கள்.